ஒச்சம்மாள் வளைத்த செம்புக் குழாய்

கூகைமேட்டுக்கு ஏறும் பாதையில் பன்னிரண்டு வளைவுகள். அந்தப் பன்னிரண்டையும் அறுபத்திரண்டாம் வருசத்து ஜீப் ஒன்றில் முப்பது வருசமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த சவரிமுத்துவுக்கு ஏறுவதைப் பற்றி எந்தக் கவலையும் இருந்ததில்லை. இறங்குவதுதான் அவரைத் தின்றது. ஏலத்தோட்டத்து ஆட்கள் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கீழே வரும்போது பிரேக்கை மூன்று மிதி மிதித்தால் ஒரு மிதிக்குத்தான் வண்டி செவி சாய்க்கும். மற்ற இரண்டுக்கும் அவர் சிலுவை போட்டுக்கொள்வார், பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் அவரவர் சாமியைக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

“அண்ணே, இது பிரேக் இல்ல, வேண்டுதல்” என்று ஒச்சம்மாள் சொன்னாள்.

ஒச்சம்மாளுக்கு நாற்பத்தேழு வயது. ஒரு எஸ்டேட்டின் வண்டிக் கொட்டகையில் இருபத்திரண்டு வருசம் ஸ்பானர் பிடித்து, எஸ்டேட் கைமாறியபோது வெளியே வந்து, கூகைமேட்டுச் சந்தியில் தகரம் வேய்ந்து சொந்தமாக ஒரு பட்டறை போட்டிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை மாயக்காளும் தங்கை மகள் வினோதினியும்தான் அவள் குடும்பம். மாயக்காளின் புருசன் எந்த ஊர் லாரியிலோ ஏறிப் போய்ப் பல வருசம் ஆகியிருந்தது.

பழைய ஜீப்பின் டிரம்முகள் சின்னவை, அவ்வளவு பாரத்தைப் பிடித்து நிறுத்தும் அகலம் அவற்றுக்கு இல்லை. அடிவாரத்தில் உடைக்கப் போட்டிருந்த பிற்காலத்து ஜீப் ஒன்றிலிருந்து பெரிய டிரம்முகள் நான்கைக் கழற்றி வந்து ஒச்சம்மாள் மாட்டினாள். டிரம் பெரிதானதும் பழைய பிரேக் லைன் எட்டவில்லை, எட்டிய இடத்தில் துருவேறிப் பொடிந்தது. எல்லாவற்றையும் அறுத்துப் போட்டுவிட்டுப் புதுச் செம்புக் குழாய் வாங்கி, பெடலுக்கு அடியில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரத்துக்கும் புதிதாக வழி போடத் தொடங்கினாள். குழாய் நசுங்காமல் வளைய வேண்டும் என்பதால் கருவியை நம்பாமல் தன் முழங்காலில் வைத்தே வளைத்தாள். சைலன்சர் சூடு படாமல் ஒதுக்கி, கல் தெறித்து அடிபடாத பக்கமாகச் சேசிஸின் உள்விளிம்போடு ஓட்டி, ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு கிளிப் போட்டு இறுக்கினாள். குழாயின் வாயை விரித்து மடிக்கும்போது முதல் மடிப்பில் தலைமுடி அளவு கீறல் விழுந்தது. மற்றவர்கள் என்றால் நட்டை இறுக்கி மூடியிருப்பார்கள். அவள் அந்த வாயை அறுத்து எறிந்துவிட்டு மறுபடி விரித்தாள். அந்த வேலைக்கு அவளுக்கு ஆறு நாள் ஆனது.

ஏழாம் நாள், பங்குனி வெயில் சாயும் நேரம், சவரிமுத்து வண்டியில் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தார். அந்த நேரம் பார்த்துப் பட்டறைக்குப் பின்னால் காம்பு விட்ட பலாப்பழம் ஒன்று தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் வந்து அப்படியே நின்றது. ஒச்சம்மாள் அதைப் பார்த்தாள். “காலை எடுங்கண்ணே” என்றாள். பழம் விழுந்து பிளந்து மணம் வீசியது. “இன்னொருக்கா மிதிங்க” என்றாள். இந்த முறை குழாயடியில் கொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் கண்ணாடிக் குச்சிபோல நடுவில் நின்றது. அவள் கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பிலும் விரலை ஓட்டிக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை.

“நல்லாப் பிடிக்குது” என்று எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து சவரிமுத்து பிரேக்கை மிதித்தால் ஜீப்பின் ஹாரன் கேட்கும் தூரம் வரைக்கும் இறங்குகிற எல்லாம் நின்றது. உதிர்ந்த சவுக்கு இலை நின்றது, அருவி நின்றது, மேற்கு முகட்டில் இறங்கிக்கொண்டிருந்த பொழுதும் நின்றது. காலால் நடந்து இறங்குகிறவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, தன்போக்கில் இறங்குவது மட்டும்தான் நின்றது. பெடலுக்கு முட்டுக்கட்டை கொடுத்துப் பார்த்தார்கள். வண்டி நின்றது, அருவி நிற்கவில்லை. உயிருள்ள கால் வேண்டும் என்று தெரிந்துகொண்டார்கள். யாருடைய கால் என்பதில் பெடலுக்கு வேறுபாடு இருக்கவில்லை.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் இப்படி. முதல் வாரம் எல்லாரும் வாய் பிளந்து நின்றார்கள், இரண்டாம் வாரம் கூட்டம் போட்டார்கள். விழுங்கிய சோறு தொண்டைக்குள் இறங்காமல் நின்று இரண்டு பேருக்கு விக்கல் எடுத்துவிட்டதால், சாப்பாட்டு நேரத்தில் ஜீப்பை ஊருக்குள் கொண்டுவரக் கூடாது என்று முடிவானது. மலைக்காளி கோயில் பூசாரி வந்து, கொடைத் திருவிழா அன்றைக்கு உடுக்கடித்து உடுக்கடித்துக் கை ஓய்ந்தும் சாமி இறங்கவில்லை, கடைசியில் பார்த்தால் சவரிமுத்து ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார் என்று முறையிட்டார். சவரிமுத்து கோயிலுக்கு ஒரு படி எண்ணெய் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். தோட்டத்தில் பொழுது இறங்கும் வரை வேலையா, மணி ஐந்தடிக்கும் வரை வேலையா என்று கங்காணிக்கும் பெண்களுக்கும் ஒரு வாரம் தகராறு நடந்து, மணிதான் கணக்கு என்று தீர்ந்தது. மிளகு பறிக்கக் கொடி படர்ந்த சவுக்கு மரத்தில் ஏறிய மொக்கையன் கைநழுவி விழுந்தபோது, கீழே ரோட்டில் போய்க்கொண்டிருந்த சவரிமுத்து அலறல் கேட்டு பிரேக்கை மிதித்தார். மொக்கையன் அறுபதடிக்கு மேலே அந்தரத்தில் மல்லாந்து கிடந்தான். ஏணிகளைக் கட்டி ஏற்றி அவனைத் தோளில் போட்டு இறக்கும் வரை அரை மணி நேரம் அவர் காலை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த ஜீப்பின் மேல் யாரும் காலணியோடு ஏறவில்லை. யாரும் சொல்லித் தரவில்லை, தாமாகவே கழற்றினார்கள்.

ஐப்பசியில் மாயக்காள் படுத்துவிட்டாள். ஈரல் கெட்டிருந்தது. கீழே பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். வியாழக்கிழமை மத்தியானம் மூச்சு மாறியது. புவனேசுவரத்தில் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சாக இருந்த வினோதினிக்கு ஒச்சம்மாள் போன் செய்தாள். கையில் கிடைத்த ரயிலில் ஏறிவிட்டதாகவும் வந்து சேர இரண்டு நாள் ஆகும் என்றும் வினோதினி சொன்னாள். போனுக்குள்ளிருந்து தண்டவாளச் சத்தம் கேட்டது.

“பெரியம்மா, அம்மாவைப் பிடிச்சு வையுங்க. எப்படியாச்சும் பிடிச்சு வையுங்க.”

ஒச்சம்மாள் போனை மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். வெயிலோடு வெயிலாக மழை பிடித்திருந்தது. மணி நாலு. சவரிமுத்துவின் ஜீப் மாயக்காள் வீட்டு வாசலில் நின்றது. அவள் யாரையும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்து, பெடலை அடிவரை மிதித்தாள்.

மழை நடுவானில் நின்றது. கூகைமேடு முழுக்கக் கோடிக்கணக்கான துளிகள் கோக்காத மணிகளாகத் தொங்க, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்ன வெயில் எரிந்தது. மேற்கு முகட்டுக்கு இரண்டு பனை உயரத்தில் பொழுது நின்றது. உள்ளே மாயக்காளின் மூச்சு, போகவும் இல்லாமல் தேறவும் இல்லாமல் ஒரே அளவில் நின்றது.

விசயம் தெரிந்து ஊர் வந்தது. ஒரு மணி நேரம் கழித்து சவரிமுத்து வண்டிக்குள் குனிந்து, “தங்கச்சி, கால் மரத்திருக்கும். எங்காலை வச்சுக்கிறேன், நீ எடு” என்றார். அவர் காலை அவள் காலுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்திய பிறகு அவள் எடுத்தாள். அவருக்குப் பிறகு மொக்கையன், மொக்கையனுக்குப் பிறகு பூசாரி, பூசாரிக்குப் பிறகு தோட்டத்துப் பெண்கள். ஒரு கால் பதிந்த பிறகே மறு கால் எழுந்தது. தங்கள் முறைக்காக ஜனம் மழைத்துளிகளைக் கையால் ஒதுக்கிக்கொண்டு வரிசையில் நின்றது. முந்தின சாப்பாடு வயிற்றை விட்டு இறங்காததால் யாருக்கும் பசிக்கவில்லை. அடிவாரத்து ஊரில் விளக்குகள் எரிந்ததைப் பார்த்தார்கள், அணைந்ததைப் பார்த்தார்கள், மறுபடி எரிந்ததைப் பார்த்தார்கள். மேலே மட்டும் மணி நாலாகவே இருந்தது. கோழிகள் அடையவில்லை. குழந்தைகள் விளையாடி விளையாடிச் சோர்ந்து வெயிலிலேயே படுத்துத் தூங்கின. மொத்த ஊரும் சன்னமான குரலில் பேசியது, பெரிய கோயிலின் கருவறைக்குள் நிற்பதுபோல.

சவரிமுத்துவின் மகன் வடக்கே லாரி ஓட்டப் போயிருந்தான். அவன் மனைவி அருள்மேரிக்கு இது மாதம். வெள்ளிக்கிழமை என்று எண்ண வேண்டிய நாளின் கடைசியில் அவளுக்கு வலி கண்டது.

தோட்டத்து லயக் குடியிருப்பின் குழந்தைகளில் பாதிப்பேரைப் பிறக்க வைத்த மருத்துவச்சி ஞானப்பூ உள்ளே போனாள். வலி வந்தது, வந்துகொண்டே இருந்தது. தலை வாசலுக்கு வந்து நின்றது, அதற்குமேல் இறங்கவில்லை. அருள்மேரி அலறிய சத்தம் நான்கு வீடு தாண்டி ஜீப்பில் கேட்டது. அப்போது பெடலில் இருந்தது சவரிமுத்துவின் கால்.

ஒச்சம்மாள் தங்கையின் பக்கத்திலிருந்து எழுந்து, தன் முறைக்காக வெளியே வந்தாள். சவரிமுத்து ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“என்னண்ணே?”

“ஒண்ணுமில்ல தங்கச்சி. நீ உள்ள போ. நான் வச்சிருக்கேன்.”

“யாரு அலறுறது?”

ஞானப்பூ கையைத் துடைத்தபடி ஓடி வந்தாள். ஒச்சம்மாளைப் பார்த்ததும் சொல்ல வந்ததை முழுங்கப் போனாள், முழுங்க முடியவில்லை. “புள்ள தலை வந்து எட்டு மணி நேரமாச்சு ஒச்சு. இன்னும் கொஞ்ச நேரம் போனா ரெண்டும் இல்ல. கேக்க எனக்கு வாய் வரல” என்று அழுதாள்.

ஒச்சம்மாள் உள்ளே போனாள். மாயக்காள் கண்ணைத் திறந்திருந்தாள். இரண்டு நாளில் அவள் பேசியது அப்போதுதான்.

“அக்கா. வலி எறங்க மாட்டேங்குது.”

“வினோ வந்துக்கிட்டிருக்கா மாயி. அடிவாரத்துக்கு வந்துட்டாளாம். நடந்து ஏறுறா.”

“அந்தப் புள்ள கத்துறது எனக்கும் கேக்குதுக்கா.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். “என்னைய எறக்கி விடு. வினோ கோவிச்சுக்குவா. கோவிச்சுக்கிட்டுப் போறா, நீ பாத்துக்க.”

ஒச்சம்மாள் தங்கையின் நெற்றியில் கையை வைத்தாள், எடுத்தாள். வெளியே வந்தாள்.

“காலை எடுங்கண்ணே.”

“வினோ பாப்பா இன்னும் வரலயே ஆத்தா.”

“எடுங்கன்றேன்ல.”

அவரால் எடுக்க முடியவில்லை. கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஒச்சம்மாள் வண்டிக்கு வெளியே மண்டியிட்டு, இரண்டு கையாலும் அவர் கணுக்காலைப் பிடித்து, கனமான சாமானைத் தூக்குவதுபோலத் தூக்கி வெளியே வைத்தாள்.

இரண்டு நாள் மழை ஒரே நேரத்தில் விழுந்தது. அது மழைச் சத்தமாக இல்லை, மலையே பெருமூச்சு விட்டதுபோல இருந்தது. பொழுது முகட்டுக்குப் பின்னால் விழுந்தது, விழுந்த கையோடு கிழக்கே எழுந்தது. நடுவில் ஒரு ராத்திரி கண் சிமிட்டும் நேரத்துக்கு வந்து எல்லார் முகத்தையும் தொட்டுவிட்டுப் போனது. சனிக்கிழமை காலை ஆகியிருந்தது. நான்கு வீடு தள்ளிக் குழந்தையின் அழுகை கேட்டது. ஒச்சம்மாள் உள்ளே போய்ப் பார்த்தாள். மாயக்காளின் முகத்தில் வலி இல்லை. மாயக்காளும் இல்லை.

கால் மணி நேரத்தில் வினோதினி வந்தாள். கும்மிருட்டில் அடிவாரத்தில் ஏறத் தொடங்கியவள் ஆறாவது வளைவில் சாயங்கால வெயிலுக்குள் நுழைந்திருந்தாள். தொங்கிய மழைக்குள் நடந்தாள். கடைசி வளைவில் அத்தனையும் தலைமேல் விழ, என்ன நடந்தது என்று அங்கேயே தெரிந்துகொண்டாள். நனைந்து ஒட்டிய உடுப்போடு அம்மாவின் காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒச்சம்மாளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்போது ஞானப்பூ வாசலில் வந்து நின்றாள். அவள் சேலை முழங்கால் வரை சிவந்திருந்தது.

“தாயி, உன்னைய கூப்பிடக் கூடாத நேரம். குழந்தை நல்லாருக்கு. அந்தப் புள்ளைக்கு ரத்தம் நிக்கல.”

வினோதினி அம்மாவின் பாதத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

ஜீப்பின் பின்னால் மெத்தை விரித்து அருள்மேரியைக் கிடத்தினார்கள். வினோதினி அவளருகே மண்டியிட்டு வயிற்றை அழுத்திப் பிசைந்தாள். சவரிமுத்து வண்டியை எடுத்தார். முன்னால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒச்சம்மாள். முதல் வளைவில் பிரேக் விழுந்ததும் வினோதினி சத்தம் போட்டாள்:

“மாமா! ரத்தம் நிக்குது! விடாதீங்க!”

“விடலைன்னா வண்டி போகாது தாயி!”

“பாதி மிதிங்கண்ணே” என்றாள் ஒச்சம்மாள். “கியர்ல இழுக்கட்டும். பாதி மிதியை மட்டும் எடுக்காதீங்க.”

அப்படித்தான் இறங்கினார்கள். ஒரு மணி நேரத்துப் பாதையை மூன்றரை மணி நேரம் இறங்கினார்கள். பாதி மிதிக்கு உலகமும் பாதியாக இறங்கியது. பாறையை விட்டுத் தாவிய வெள்ளம் தேன்போல வடிந்தது, உதிர்ந்த இலை காற்றில் யோசித்து யோசித்து வந்தது, கொத்தித் திரும்பிய மீன்கொத்தியின் அலகிலிருந்து சொட்டிய துளி ஜீப் கடந்து போகும் வரை அதே இடத்தில் ஒளிர்ந்தது. அருள்மேரியின் ரத்தம் துளித்துளியாக மட்டும் கசிந்தது.

ஆனால் இரும்புக்குச் சூடு ஏறும். இறங்குவதைத்தான் அந்தப் பெடல் தடுத்தது, ஏறுவதை அல்ல. ஐந்தாவது வளைவில் டிரம்மிலிருந்து கருகல் வாடை வந்தது. எட்டாவதில் புகை. பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் சோற்றுக்குள் கால் வைத்தாற்போல ஆகிவிடும், அதன்பிறகு பிரேக் என்று ஒன்று கிடையாது. ஒச்சம்மாள் குழந்தையின் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தான் வளைத்த குழாயை மனசுக்குள் முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு கிளிப்பாகத் தடவிக்கொண்டே வந்தாள். சைலன்சருக்கு எவ்வளவு தள்ளி ஓட்டினோம். அறுத்தெறிந்த அந்த வாய். மறுபடி விரித்த வாய்.

“பெடல் எப்படிண்ணே இருக்கு?”

“கல்லு மாதிரி இருக்கு தங்கச்சி” என்றார் சவரிமுத்து. அவர் கன்னத்தில் கண்ணீர் பாதியில் நின்றிருந்தது.

பதினொன்று. பன்னிரண்டு. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்டிரெச்சரை இழுத்துக்கொண்டு ஓடினார்கள், வினோதினி கூடவே ஓடினாள். சவரிமுத்து அப்போதுதான் காலை எடுத்தார். மறுபடி மிதித்தபோது பெடல் தரை வரை போனது. ஒச்சம்மாள் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்தாள். ஆயில் ஒரு சொட்டு இல்லை, எல்லாம் கொதித்து ஆவியாகிக் காய்ந்து போயிருந்தது. எந்த வளைவிலிருந்து அது இல்லாமல் போனது என்று அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. சவரிமுத்து சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மத்தியானம் டாக்டர் வந்து, பிழைத்துக்கொண்டாள் என்றார். சவரிமுத்து குழந்தையை வாங்கிக்கொண்டு மருமகளிடம் போய்விட்டார்.

வினோதினி வெளிக் குழாயில் முழங்கை வரை கழுவினாள். கழுவிவிட்டு ஒச்சம்மாள் முன்னால் வந்து நின்றாள்.

“கால் மணி நேரம், பெரியம்மா.”

“ஆமா.”

“கால் மணி நேரம் பிடிச்சிருக்கக் கூடாதா?”

“பிடிச்சிருக்கலாம். பிடிக்கல.”

வினோதினி உதட்டைக் கடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். “அம்மாவுக்கு வலி இருந்துச்சா?”

“கடைசில இல்ல.”

மேலே மாயக்காள் காத்திருந்தாள், போக வண்டி வேண்டும். ஒச்சம்மாள் கடையில் ஒரு டின் பிரேக் ஆயில் வாங்கி வந்து ஊற்றினாள். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற இரண்டு ஆள் வேண்டும், ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தடியில். கேட்காமலே வினோதினி ஏறி உட்கார்ந்தாள்.

“மிதி” என்றாள் ஒச்சம்மாள் சக்கரத்தடியிலிருந்து. “பிடி.” நட்டைத் திறந்தாள், காற்றும் ஆயிலும் நுரைத்துச் சிந்தின. மூடினாள். “விடு.”

“மிதி. பிடி. விடு.”

ஆஸ்பத்திரி வேம்பு பழுத்த இலைகளாக உதிர்ந்துகொண்டிருந்தது. பெடல் பிடித்திருந்தபோதும் உதிர்ந்தது, விட்டபோதும் உதிர்ந்தது. ஒச்சம்மாள் அதைப் பார்த்தாள், அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தாள். நாலாவது சக்கரத்தில் காற்று நின்று ஆயில் மட்டும் வந்தபோது, “பிடி” என்றவள் நட்டை மூடிவிட்டும் அடுத்த சொல்லைச் சொல்லாமல் இருந்தாள். மேலே பெடலில் இருந்த கால் நடுங்குவது இரும்பு வழியாகக் கீழே தெரிந்தது. வினோதினி வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். ஒச்சம்மாள் மல்லாந்து கிடந்தபடியே அவள் அழுது முடிக்கும் வரை காத்திருந்தாள்.

“விடு, கண்ணு” என்றாள் பிறகு.

ஒச்சம்மாள்தான் ஓட்டினாள். முதல் வளைவு ஏறியதும் ரோட்டின் குறுக்கே தண்ணீர் வந்தது. இரண்டாவதில் இன்னும் அதிகம். பாறை இடுக்கு, வேர்க்கால், படிக்கட்டு, சாக்கடை எல்லாவற்றிலும் இரண்டு நாள் மழை வழி கண்டு இறங்கிக்கொண்டிருந்தது. பேரிரைச்சலோடு, வெயிலில் மின்னிக்கொண்டு, மொத்த மலையும் கீழே போய்க்கொண்டிருக்க, அதற்கு நடுவே ஜீப் மட்டும் மேலே ஏறியது. வினோதினி கையை வெளியே நீட்டினாள். தண்ணீர் அவள் விரல்களுக்கு நடுவே புகுந்து, நிற்காமல் ஓடியது.